செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நம் மலைகளும் ஊர் நினைவும்

பேரவைத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சங்கத்தின் பெரியவர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். மதுரைச் சுற்றுவட்டார மலைகளின் வரலாற்றை அறியவும் காக்கவும் கூடியிருக்கும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு வழக்கம்போல் கூடியது, தீர்மானங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. இந்த ஆண்டு நம் எல்லோர் தூக்கத்தையும் கெடுத்த விஷயத்துக்கு நேரே வருகிறேன்.

2024 நவம்பரில், அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 2022 நவம்பரில், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 72 ஏரிகள், 200 ஊற்றுகள், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் என்று அந்த அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. அப்புறம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மேலூர் வட்டாரமே திரண்டது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த நாட்களில் நான் கவனித்த ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அரிட்டாபட்டியின் கழிஞ்சமலையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழிக் (தமிழ் பிராமி எழுத்து) கல்வெட்டுகள் இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கக் குகைத்தளம் அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. அதே மலைத்தொடரில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும், சைவத்தின் பாசுபத நெறியைத் தோற்றுவித்த இலகுலீசரின் சிற்பமும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் நாம் துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தோம். ஆனால் ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்தது தங்கள் சாமிக்காகவும் கண்மாய்க்காகவும். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே இந்த மலைகளைக் காத்து வந்தது அந்தப் பற்றுதான். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஆகவே, நம் சங்கம் கல்லைப் பற்றி எழுதும்போது அந்தக் கல்லோடு வாழ்கிறவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும். இதையே இந்த ஆண்டறிக்கையின் முதன்மை வேண்டுகோளாகப் பேரவை முன் வைக்கிறேன்.

கீழக்குயில்குடிச் சமணர்மலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றது மனதுக்கு நிறைவான நிகழ்ச்சி. ஐயனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் பார்த்துவிட்டுப் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறினோம். அங்கே சுனையை ஒட்டிய பாறைச் சரிவில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி எனச் சமணர் வணங்கும் எட்டுத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. அடியில் வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய வளைவெழுத்து. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டுகள் தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் கல் வெறுமையாகத் தெரியும். அதற்காகவே சீக்கிரம் கிளம்பியிருந்தோம். ‘ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஸ்ரீ’ என்ற வரியைப் பிள்ளைகள் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார்கள். அச்சணந்தி பல மலைகளில் பெயர் பொறிக்கப்பட்ட துறவி. அவருடைய தாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாறையில் நிற்கிறது. மகன் துறவியானாலும் அவரைப் பெற்றவள் இவள் என்று கல்லில் இருப்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதே மலையின் செட்டிப்பொடவு என்னும் குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை (சமணப் பெருங்குருவை), நீண்ட காதுகளைப் பார்த்து ஒரு செட்டியார் என்றே எங்கள் அப்பத்தா சொல்வார். கும்பிடாமல் கடந்து போக மாட்டார். ஆய்வாளர் படித்துச் சொல்வதும் அப்பத்தா சொன்னதும் நம் குறிப்பேட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டும்.

மனம் வருந்திச் சொல்ல வேண்டியதும் உண்டு. துறவிகள் படுப்பதற்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகளில் பெயின்டால் எழுதிய பெயர்கள், சிற்பங்களுக்குப் பக்கத்தில் ஆணியால் கீறிய இதயங்கள், காலி பாட்டில்கள். பாட்டில்களை நாம் பொறுக்கிவிடலாம். பெயின்டைச் சுரண்டினால் கீழே உள்ள எழுத்தும் சேர்ந்து போகும். அதைத் தொல்லியல் துறையிடம் விட்டுவிடுங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணாம்புக்கட்டியோ மாவோ பூசுவதையும் உறுப்பினர்கள் அறவே விட வேண்டும். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

மதுரைக்கு அருகே உள்ள மாங்குளத்தின் தமிழிக் கல்வெட்டுகள் பற்றிய கூட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்த அந்த எழுத்துகளின் மொழி தமிழ் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டிய வரலாற்றைப் பேசினோம். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரும், ‘வெள்அறை’ வணிகர் குழுவும் அங்கே வருகின்றன. வெள்அறை இன்றைய வெள்ளரிப்பட்டியாக இருக்கலாம் என்று சொன்னதும் அந்த ஊர்ப்பக்கத்து உறுப்பினர்கள் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே!

இந்த ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். வயல்களின் பழைய பெயர்கள், எந்த மடை எந்தக் கண்மாயில் இருந்தது, எந்தப் பாறையில் எந்த நோன்பு என்று அவருக்கு அத்தனையும் தெரியும். அவர் சொன்னதில் கொஞ்சம்தான் நம்மிடம் ஒலிப்பதிவாக இருக்கிறது. அவர் குடும்பத்தாருக்கு நம் ஆழ்ந்த இரங்கல்.

அதனால் வரும் ஆண்டில் ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. செல்போன் இருந்தால் போதும். வாரம் ஒரு வீடு என்று இளைய உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளலாம். பேசுகிறவரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், இடத்தையும் தேதியையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முதலில் அரிட்டாபட்டி, அடுத்து கீழக்குயில்குடி.

மலை ஏறிய நாட்களில் மோரும் தண்ணீரும் தந்த கீழக்குயில்குடி மக்களுக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்