ஆண்டறிக்கை 2024–25: ஒரு ஐஸ் பெட்டி, ஒரு அண்டா

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் இதை வாசிக்கத்தான் போகிறேன், ஆனால் போன வருடம் செயலாளர் அறிக்கை வாசிக்கும்போது பாதிப் பேர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதால், இந்த முறை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பிவிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். அதில் நான் கைவைக்கவில்லை.

நம்முடையது மால்ட், அதாவது முளைகட்டிக் காய வைத்த தானியத்தை வைத்துப் பானம் காய்ச்சுகிற சங்கம். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பீர் எப்போது? பீர் கிடையாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி வீட்டில் மது காய்ச்சுவது குற்றம், "நம்ம வீட்டுக்கு மட்டும்தானே சார்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் வேலை பார்த்து, அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பழகித் திரும்பி வந்தவர்கள் நம்மில் சிலர் உண்டு. அந்த வேலையில், சர்க்கரையை மதுவாக்குகிற ஈஸ்டைப் போடுவதற்கு முன்பு வரை உள்ள எல்லாவற்றையும் நாம் செய்கிறோம்: மால்ட் உடைப்பது, வெந்நீரில் ஊற வைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது, வடிப்பது, கொதிக்க வைப்பது, ஆற வைப்பது. அதோடு நிறுத்தி, மால்ட் பானமாகக் குடிக்கிறோம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல் பலியான பிறகு நடந்த மாதக் கூட்டத்தில் இந்தப் பேச்சு மறுபடி எழுந்தது, கொஞ்சம் சூடாகவே. தானியத்தை நொதிக்க வைத்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது, அங்கே கலந்தது தொழிற்சாலைச் சரக்கு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு அண்ணன் கேட்டார். வேதியியல்படி அவர் சொன்னது சரி. ஆனால் வாசலில் வந்து நிற்கிற போலீஸ்காரருக்கு இந்த வேதியியலைச் சொல்லி முடிப்பதற்குள் நம் அண்டா ஸ்டேஷனில் இருக்கும். அந்த மாதக் கடைசியிலேயே சட்டசபையில் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கித் திருத்தம் வந்தது. ஆகவே தீர்மானம்: ஈஸ்ட் பாக்கெட் சங்கக் கூடத்துக்குள் வரக்கூடாது, ரொட்டி ஈஸ்டும்தான். என்னைக் கேட்டால் இதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை; கைவேலை, கணக்கு, மூளைக்கு வேலை எல்லாமே ஈஸ்டுக்கு முன்னால்தான் இருக்கிறது, அதற்கப்புறம் மூடி வைத்துக் காத்திருப்பதுதான் பெரும்பாலும்.

இனி பாத்திரங்கள். நம்மிடம் இருப்பது இரண்டு: ஊற வைக்க ஒரு பெரிய ஐஸ் பெட்டி, கொதிக்க வைக்க ஒரு எவர்சில்வர் அண்டா. பெட்டி காசிமேட்டுக்காரர்கள் மீனுக்கு வைத்திருக்கும் ரகம்தான், ஆனால் புதிதாக வாங்கியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பெட்டிக்கு யாரும் ஆசைப்பட வேண்டாம், என்ன தேய்த்தாலும் வஞ்சிர வாசனை போகாது. அடியில் ஒரு குழாய், உள்ளே கீசருக்குப் போடுகிற எவர்சில்வர் பின்னல் குழாயை ரப்பரை உருவிவிட்டு வடிகட்டியாக மாட்டியிருக்கிறோம். குளிரைக் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை.

கணக்கு இதுதான். 20 லிட்டர் சாறுக்கு, அதாவது மால்டை ஊற வைத்து வடித்த இனிப்புத் தண்ணீருக்கு, 5 கிலோ பார்லி மால்ட். கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 15 லிட்டர் வெந்நீர். தானியம் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குடித்துக்கொள்ளும், ஆக முதல் வடிப்பில் 10 லிட்டர்தான் கைக்கு வரும். சக்கையின் மேல் இன்னொரு 13 லிட்டர் வெந்நீர் விட்டுக் கலக்கி மறுபடி வடித்தால் 23, கொதியில் 3 லிட்டர் ஆவியாகப் போய் 20 நிற்கும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் ஊற வைக்கும் தண்ணீரை 73 டிகிரிக்குச் சுட வைக்கச் சொல்லியிருப்பார்கள். அங்கே மால்ட் 18 டிகிரியில் இருக்கும், நம் கொருக்குப்பேட்டை மாடியில் அது 30. அதனால் இங்கே 71 போதும், கலந்ததும் 66-ல் வந்து நிற்கிறது, பெட்டியை மட்டும் முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு பாத்திரத்தில் ஒரு சிக்கல் உண்டு, வருடம் பூராவும் சண்டை இதில்தான். இரண்டாவது தண்ணீர் அண்டாவில் காய்ந்துகொண்டிருக்கும்போது முதல் வடிப்பை எங்கே பிடிப்பது? வாளியில் பிடிக்கலாம். வாளி வந்தால் அது மூன்று பாத்திரம் ஆகிவிடாதா என்பது தலைவரின் வாதம். அடுப்பில் ஏறாதது பாத்திரக் கணக்கில் வராது என்பது எதிர்த்தரப்பு. மொத்தத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றி, சக்கையை மறுபடி கழுவாமலே வடித்துவிடுவது மூன்றாவது வழி. வேலை பாதியாகக் குறையும், சர்க்கரை கொஞ்சம் சக்கையிலேயே தங்கிவிடும், அதற்கு ஈடாக அரை கிலோவோ முக்கால் கிலோவோ மால்ட் கூடப் போட வேண்டும். பெட்டி பெரிதாக இருப்பதால் எனக்கு இந்த மூன்றாவது வழிதான் பிடிக்கும். ராஜஸ்தான், ஹரியானா பக்கமிருந்து மால்ட் வருகிற விலையைப் பார்க்கிற பொருளாளருக்குப் பிடிக்காது. வாளி தற்போதைக்கு நீடிக்கிறது.

இந்த ஆண்டு உருப்படியாக நடந்த காரியம் என்று நான் நினைப்பது கேழ்வரகு. ஆடி மாதம், தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நேரத்தில், தண்டையார்பேட்டையிலிருந்து வரும் நம் உறுப்பினர் அக்கா ஒருவர்தான் கேட்டார்: ஐந்து கிலோவும் பார்லியாகவே ஏன் இருக்க வேண்டும், இரண்டு கிலோ கேழ்வரகு போட்டால் என்ன? கேழ்வரகு மாவுச்சத்து வேக பார்லியைவிடக் கூடுதல் சூடு வேண்டும், அப்படியே 66 டிகிரியில் போட்டால் பாதி வேகாமல் நிற்கும். அதனால் முதலில் கூழாகவே காய்ச்சிவிட்டோம். 12 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ மாவு, அகப்பை நட்டால் சாயாமல் நிற்கும் கெட்டி. பெட்டியில் ஊற்றி 70 டிகிரிக்கு ஆறவிட்டு, உடைத்த பார்லி மால்ட் 3 கிலோவைக் கொட்டிக் கிண்டினோம். கிண்டக் கிண்ட முதலில் கை வலித்தது. அப்புறம் சில நிமிஷங்களில் அகப்பை லேசாகத் திரும்ப ஆரம்பித்தது, கூழின் மேல் பளபளப்பாக நீர் கோர்த்தது, கொஞ்ச நேரத்தில் துடுப்பிலிருந்து ரசம் போல் ஒழுகியது. மால்டில் இருக்கிற நொதிகள் மாவுச்சத்துச் சங்கிலிகளை வெட்டிப்போடுவதை எத்தனையோ தடவை படித்திருக்கிறோம், கையால் உணர்ந்தது அன்றைக்குத்தான். உப்பில்லாத கூழ் சர்க்கரை போடாமலே இனிக்கிறதே என்று அக்கா இன்னொரு கரண்டி எடுத்துப் பார்த்தார். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு மருந்துக்கடை டிஞ்சர் அயோடின் வைத்ததில் கருநீலம் வரவில்லை, ஆக மாவுச்சத்து முழுக்க மாறிவிட்டது. அந்தத் தட்டுச் சொட்டைத் திரும்பப் பெட்டியில் ஊற்றக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒருவர் ஊற்றப் போனார்.

குழாயைத் திறந்தால் சாறு வரவில்லை. பார்லிக்கு உமி உண்டு, வடிகட்டியே அந்த உமிதான். கேழ்வரகில் அது கிடையாது, மாவு போய்ப் பின்னல் குழாயை அடைத்துக்கொண்டது. ஊதிப் பார்த்தோம், கிளறிப் பார்த்தோம், சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, ராத்திரி வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த முறை செங்குன்றம் அரிசி ஆலையிலிருந்து ஒரு பை உமி வந்தது. நன்றாக அலசி, ஒரு கொதி விட்டு, 5 கிலோ தானியத்துக்கு இரண்டு கைப்பிடி கலந்ததும் குழாய் சீராக ஓடியது. முதலில் வருகிற கலங்கலை மட்டும் ஒரு சொம்பில் பிடித்து மேலேயே திரும்ப ஊற்ற வேண்டும், தெளிந்த பிறகுதான் அண்டாவுக்கு. உமி கொண்டு வந்த தம்பிக்குச் சங்கத்தின் நன்றி.

வீட்டிலேயே முளைகட்டி மால்ட் செய்து பார்க்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊற வைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் காய வைத்துத் தேய்ப்பது குழந்தைக்குக் கஞ்சி மாவு செய்த எல்லா வீட்டிலும் தெரிந்த வேலை, பயமில்லாமல் செய்யலாம். சோளம் அப்படியல்ல. சோள முளையில் சயனைடைத் தரக்கூடிய பொருள் உண்டு, காய்ந்ததும் வேரையும் முளையையும் ஒட்ட ஒட்டத் தேய்த்துப் புடைத்து எறிந்துவிட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் சோளத்தின் பக்கம் போக வேண்டாம்.

மாவு மில் விஷயம் இன்னும் தீரவில்லை. மால்ட் ரெண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும், உமி கிழியக் கூடாது. நாம் எவ்வளவு சொன்னாலும் மில்காரர்கள் பழக்கதோஷத்தில் மாவாக்கிவிடுகிறார்கள். ஒரு மில்லில் நமக்கு முன்னால் மிளகாய்த்தூள் அரைத்திருந்தார்கள், அந்த வாரப் பானத்தைக் குடித்தவர்கள் எல்லாரும் இருமினார்கள். கையால் சுற்றும் இரண்டு உருளை மில் ஒன்று வாங்குவது என்ற கோரிக்கை செயற்குழுவின் முன் இருக்கிறது. அது எனக்கு வாளிச் சண்டையைவிட அவசரமாகப் படுகிறது.

தண்ணீர். வடசென்னையில் ஆளுக்கொரு தண்ணீர். காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீர் சிலருக்கு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் சிலருக்கு, மீதிப் பேருக்கு கேன். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கேன் தண்ணீர் சுத்தம்தான், ஆனால் அதில் கால்சியம் இருக்காது, கால்சியம் இல்லாவிட்டால் நொதிகள் சரியாக வேலை செய்யாது, சாறும் தெளியாது. 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் ஜிப்சம் (கால்சியம் உள்ள ஒரு உப்பு) போட்டால் போதும், உணவுத் தரத்தில் விற்பது மட்டும். சீலிங் வேலைக்கு வாங்கியதில் மீந்தது என்று யாரும் கொண்டு வராதீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் முந்தின ராத்திரியே பிடித்துத் திறந்து வைக்கவும், இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆற்றவும்.

கசப்புக்கு, பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவைப் போடலாம், ஈஸ்ட் இல்லாத பானத்துக்கு அது கட்டாயமில்லை. இஞ்சி, தனியா, நன்னாரி வேர் மூன்றும் நன்றாக வந்தன. நிலவேம்பு போட்டதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சர்க்கரை பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் மாத்திரை போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நாம் இறக்கும் சாற்றை அப்படியே குடித்தால் நூறு மில்லியில் 12, 13 கிராம் சர்க்கரைச்சத்து இருக்கும், கடைக் குளிர்பானத்தைவிடக் கூடுதல். 66-க்குப் பதில் 73 டிகிரியில் ஊற வைத்தால் இனிப்பு குறைகிறதே என்று ஒருவர் சொன்னார், உண்மைதான், ஆனால் நாக்குக்குத்தான் குறையும், ரத்தத்துக்குக் குறையாது. மாவுச்சத்தின் இனிப்பில்லாத பெரிய துண்டுகளும் வயிற்றில் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும். பாதிக்குப் பாதி சோடா கலந்து, எலுமிச்சை பிழிந்து, சின்ன டம்ளரில் குடியுங்கள். வண்ணாரப்பேட்டையில் கோலி சோடா போடுகிற ஒருவர் நம் சாற்றையே பாட்டிலில் ஊற்றி, கேஸ் ஏற்றி, தலைகீழாகப் புரட்டிக் கோலியை ரப்பரில் ஒட்ட வைத்துக் கொடுத்தார். குழந்தைகள் கொண்டாடிவிட்டார்கள்.

ஆனால் அதை வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். கொதிக்க வைத்த சாறுக்கு நம் ஊர் வெயிலில் ஒரு நாள் ஆயுள் கூடக் கிடையாது. காற்றிலிருக்கிற ஈஸ்ட் விழுந்தால் நாம் போடாத ஈஸ்டே நமக்காக வேலை செய்து, பாட்டில் வெடிக்கும், தீர்மானமும் மீறப்படும். காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைத்தால் அதைவிட மோசம், புளிப்பு போதாத திரவத்தில் ஆளைக் கொல்லும் நஞ்சைத் தருகிற பாட்டுலிசம் கிருமி வளர இடமுண்டு. அதனால் வேகமாக ஆற்றி நேரே ஃபிரிட்ஜ், மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஆற்றுவதற்கு அண்டாவை ஐஸ் தொட்டியில் இறக்குகிறோம், காசிமேட்டு ஐஸ் பாரை உடைத்துப் போட்டு. அந்த ஐஸ் மீனுக்கானது, அண்டாவுக்கு வெளியே மட்டும்தான் இருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ஃபெஞ்சல் புயல் மழையில் நவம்பர் கடைசியில் காய்ச்சவில்லை. சக்கையை வியாசர்பாடியில் மாடு வைத்திருக்கும் பெரியவர் வந்து எடுத்துப்போகிறார், அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், மறுநாள் புளித்தால் வாங்க மாட்டார். காஸ் சிலிண்டரை மாற்றி வைக்காமல் போகிறவர் யார் என்று தெரியும், பெயர் எழுதவில்லை.

வரும் பொதுக்குழுவில் முடிவாக வேண்டியவை: உருளை மில், அடுத்த ஆண்டுச் சந்தா, துணைச் செயலாளர் பதவி. கம்பு போட்டுப் பார்க்க விருப்பமுள்ளவர்கள் ஒரு கிலோவைச் சுத்தம் செய்து கையோடு கொண்டு வரலாம். போன வருடச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட முடியாது என்பதைப் பொருளாளர் என்னை இரண்டு தடவை எழுதச் சொன்னார், ஒரு தடவை எழுதிவிட்டேன்.

செயலாளர்