பெக்ஸ்ட்ரீன் கோனில் தின்னர் படவே கூடாது

அன்புள்ள சேகர்,

பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஜோடி உன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததில் எனக்கும் சந்தோஷம். அதில் ஒலியெழுப்பும் கெஃப் பி110 யூனிட்டின் கோன் (அதிரும் கூம்பு) பிசுபிசுக்கிறது, தின்னரால் துடைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். அந்தக் கோன் பெக்ஸ்ட்ரீனால் ஆனது, அது பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக். தின்னரோ அசிட்டோனோ பட்ட இடம் இளகிக் கோணிவிடும், பிறகு நிமிராது.

அந்தப் பிசுபிசுப்பு அழுக்கு இல்லை, டோப், அதாவது கோனின் அதிர்வை அடக்கப் பூசிய பூச்சு. காகிதக் கோன் ஒன்றுபோல் ஒன்று அமையாது, காற்றின் ஈரத்துக்கும் மாறும். அதனால்தான் 1960களில் பிபிசி ஆய்வுப் பிரிவு பெக்ஸ்ட்ரீனுக்கு மாறியது. பூச்சில்லாத பெக்ஸ்ட்ரீன் தகரம்போல் ஒலிக்கும். டோப் அதை அடக்குகிறது. அப்படியும் பி110-இல் ஒரு கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலி தூக்கலாகும் ஒரு மேடு மிஞ்சும். ஒலியைப் பிரித்து யூனிட்டுகளுக்கு அனுப்பும் கிராஸ்ஓவரில் காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் சேர்ந்த சுற்று அதைத் தட்டிச் சமனாக்குகிறது. டோப்பைச் சுரண்டினால் மேடு மாறும், சுற்று மாறாது, குரல் கெட்டுவிடும். புதிதாகப் பூசினாலும் எடை கூடி இரண்டு பெட்டிகளும் பொருந்தாமல் போகும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடு, அது போதும்.

பழைய பெக்ஸ்ட்ரீன் கிழியாது, விரிசல் விடும். விளிம்பில் விரிசல் இருந்தால் பின்பக்கமாக 5 மி.மீ. அகல டிஷ்யூ பேப்பர் பட்டையைத் தண்ணீர் கலந்த பிவிஏ பசையால் (வெள்ளைப் பசை) ஒட்டி, 24 மணி நேரம் காயவிடு. பசையைக் கெட்டியாக அப்பினால் அந்த இடம் மட்டும் விறைத்துத் தனியாக ஒலிக்கும்.

உன்னிடமுள்ள மற்ற ஜோடிக்கு இதே வைத்தியம் பார்த்துவிடாதே. அதன் கோன் பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்காக இருந்தால் பிவிஏ உரிந்து வந்துவிடும். அதற்கென்றுள்ள பிரைமர் தடவி, சூப்பர் குளூ போட வேண்டும். சந்தேகமானால் செத்த யூனிட்டின் கோனில் பூச்சில்லாத சிறு சில்லை வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடு: பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், பெக்ஸ்ட்ரீன் மூழ்கும். பிபிசியில் இருந்த ஹார்வுட் பாலிப்ரொப்பிலீனைத் தேர்ந்து ஹார்பெத் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியது 1977இல். டோப் இல்லாமலே அடங்கும் பொருள் அது. எனக்கு இன்றும் அதுதான் நியாயமான தீர்வாகப் படுகிறது.

கோனை இரு கட்டைவிரல்களால் சமமாக அழுத்திப் பார். உரசல் கேட்டால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் நகர்ந்திருக்கிறது. ஒட்டு வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள். இரண்டு பி110களின் வாய்ஸ் காயில் ஓம் அளவையும் எழுது.

அன்புடன்,
ராகவன்