எச் இன்டெக்ஸ் பத்தியை மட்டும் பார்க்கும் தேர்வுக் குழுவுக்கு

மருத்துவ ஆய்வாளர்களின் பதவி உயர்வை முடிவுசெய்யும் குழுவினருக்கு,

வணக்கம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தைய நாள் உங்கள் கைக்கு வரும் அட்டவணையைத் தயாரிக்கும் நூலகன் நான். பெயர், கட்டுரைகள், மேற்கோள்கள் (மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் இவர் கட்டுரைகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கை), எச் இன்டெக்ஸ் (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் கணக்கு) என்று நான்கு பத்திகள். சென்ற முறை, சந்தேகம் கேட்டால் சொல்லலாமே என்று ஓரமாக உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசிப் பத்தியில் 14 என்றிருந்தவரை எடுத்துக்கொண்டு, 11 என்றிருந்தவரை விட்டுவிட்டீர்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த 11 எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரே நாளில் அவர் பெயரை மேற்கோள்களை எண்ணித் தரும் மூன்று இணையத் தளங்களில் தேடினேன். கூகுள் ஸ்காலரில் 15, ஸ்கோபஸில் 11, வெப் ஆஃப் சயின்ஸில் 9. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருவதற்கு முன்பே வெளியிடப்படும் கட்டுரை) என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். விதிப்படி ஸ்கோபஸ் எண்ணைப் போட்டேன். அதிலும் அவருடைய ஆறு கட்டுரைகள், பெயரின் முதலெழுத்து இடம் மாறியதால், வேறு யாரோ எழுதியவைபோலத் தனியே கிடந்தன. அன்று சாயங்காலம் தற்செயலாகக் கண்ணில் பட்டதால் சேர்த்தேன். இல்லையென்றால் உங்கள் தாளில் 8 என்று இருந்திருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2012 முதல் ஆர்கிட் என்று ஆளுக்கொரு 16 இலக்க எண் தருகிறார்கள். நம் படிவத்தில் அதற்கு இடமில்லை.

எச் இன்டெக்ஸ் 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவருடைய ஆறு கட்டுரைகள் 40, 22, 9, 5, 4, 1 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 4. ஏனென்றால் நான்கு கட்டுரைகளாவது நான்கு முறைக்குக் குறையாமல் மேற்கோள் பெற்றிருக்கின்றன, ஐந்தாவதற்கு ஒன்று குறைகிறது. இப்போது முதல் கட்டுரையின் 40ஐ 4,000 ஆக்கிப் பாருங்கள். அப்போதும் 4தான். மருத்துவத்தையே புரட்டிப்போட்ட கட்டுரை ஒன்று அதில் இருந்தாலும் அந்தப் பத்தி அசையாது.

மேற்கோள் எண்ணிக்கைக்கு வருவோம். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தை அளக்கும் முறை பற்றி ஆலிவர் லௌரியும் சகாக்களும் 1951இல் எழுதியது; மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. பயனுள்ள முறை, அவ்வளவுதான். மறுபக்கம், தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் லான்செட்டில் வெளியிட்ட கட்டுரை. பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதுவும் ஏராளமான மேற்கோள்களைப் பெற்றது, பெரும்பாலும் தவறு என்று சுட்டிக்காட்டுவதற்காக. என் அட்டவணையில் பாராட்டும் ஒன்று, திட்டும் ஒன்று.

உரிய காலத்தில் மதிப்புக் கிடைக்காத வேலையும் உண்டு. கொல்கத்தாவில் சம்பு நாத் டே காலரா நச்சைப் பற்றி 1959இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார். காலராவில் கிருமியைவிட அது சுரக்கும் நச்சுதான் உடம்பின் நீரை வெளியேற்றுகிறது என்று காட்டிய வேலை அது. அவர் 1985இல் இறந்தார். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியலிடும் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டே மறு வருடம் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். டே உயிரோடு இருந்தவரை எந்த இந்திய அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

உங்களில் சிலர் இதழின் தாக்கக் காரணியையும் கேட்கிறீர்கள். அது கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் இதழ்களைத் தேர்ந்தெடுக்க உண்டாக்கிய கருவி. நூலகர்களான எங்கள் சரக்கு என்றுகூடச் சொல்வேன். முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. ஒரு சில கட்டுரைகள் அள்ளிக்கொண்டு போக, பெரும்பாலானவை சராசரிக்குக் கீழே கிடக்கும். தனி ஆளை இதை வைத்து எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வை மதிப்பிடுவது பற்றிய டோரா பிரகடனமும் சொல்லிவிட்டது.

14 பெற்றவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் மூன்று, இருநூறுக்கு மேற்பட்டோர் பெயர் போட்டவை. அவர் அதில் என்ன செய்தார் என்று கேட்டிருக்கலாம். 11 பெற்றவருடைய பட்டியலில், மருந்து பலன் தரவில்லை என்று ஒளிக்காமல் எழுதிய சோதனை ஒன்று இருந்தது. அந்த மாதிரிக் கட்டுரையை யாரும் அடிக்கடி மேற்கோள் காட்ட மாட்டார்கள். மருத்துவர்கள் அந்த மருந்தை எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அட்டவணையை நான் பின்னால்தான் வைக்கப்போகிறேன். முன்னால், ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்துத் தந்த மூன்று கட்டுரைகளும், அதில் தன் பங்கு என்ன என்று எழுதிய ஒரு பக்கமும் இருக்கும். நான்கு பேர் என்றால் பன்னிரண்டு கட்டுரைகள். ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அட்டவணை தயாரிக்கும் நூலகன்