பத்து நிலக்கரி வேகன்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மாடி அறையில், 12 அடி மேசையின் மேல், பத்து மாடல் பாக்ஸ்-என் வேகன்கள், அதாவது நிலக்கரி ஏற்றுகிற மேல்மூடியில்லாத கூட்ஸ் பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு எங்கள் ஜோலார்பேட்டை வழியாகப் போகிற நிலக்கரி ரேக்கின், அதாவது முழு கூட்ஸ் வண்டித் தொடரின், சின்ன உருவம் அது. நிஜ ரேக்கில் 58 வேகன்கள் இருக்கும். என்னிடம் பத்துதான் இருக்கின்றன. இரண்டு வருட வேலை. அந்த இரண்டு வருடமும் யார் யாருடைய நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டேன் என்று அன்றைக்கு ராத்திரி யோசித்துப் பார்த்தேன். நேரில் சொன்னால் “இதுக்கெல்லாம் நன்றியா” என்று தட்டிக்கழித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் அக்கா மகனுக்கு. தம்பி, அமெரிக்காவிலிருந்து வரும்போது பெட்டியில் சாக்லேட்டுக்கு இருந்த இடத்தில் நீ எனக்காகப் பழைய ரயில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வந்தாய். பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒன்று மூன்று டாலருக்கு வாங்கியதாகச் சொன்னாய். எல்லாம் எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 40 அடி நீளமுள்ள அமெரிக்கத் திறந்த வேகன்கள். “மாமா, இது நம்ம ஊரு வண்டி மாதிரியே இல்லையே” என்று கேட்டாய். அன்றைக்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நம் பிராட்கேஜ் கூட்ஸ் வண்டியில் ஒரு பெட்டியை அடுத்ததோடு இணைக்கிற நடு கப்ளிங் அமெரிக்க வகைதான். கேஸ்நப் என்கிற நம் போகியும் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்குகிற அமைப்பு) அவர்களுடையது போலவே மூன்று வார்ப்புத் துண்டுகளால் ஆனது: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சட்டம், குறுக்கே ஒரு தாங்கி. சட்டத்தின் நடுவில் சுருள்வில் வெளியே தெரியும். ஐரோப்பிய மாடலை வாங்கியிருந்தால் முனையில் இடி தாங்குகிற பஃபரையும் இணைக்கிற கொக்கியையும் பிடுங்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். நீ கொண்டுவந்ததில் அடிப்பாகம் முக்கால்வாசி நம்முடையதாகவே இருந்தது.

மீதி இருந்த கால்வாசிதான் இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டது. பாக்ஸ்-என் வேகன் கப்ளிங்கோடு சேர்த்து 10,713 மி.மீ. நீளம். உடம்பு மட்டும் 9,784 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 112 மி.மீ. சொச்சம். அமெரிக்க வேகனோ 140. நடுவிலிருந்து 28 மி.மீ. வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பாதியையும் ஒட்ட வேண்டும். முதல் வேகனை ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். பிளாஸ்டிக் சூடேறி உருகி, வெட்டு கோணிக்கொண்டு போய்விட்டது.

அப்போதுதான் கடைத்தெருப் பத்தர் அண்ணனிடம் போனேன். அண்ணே, நீங்கள் அன்றைக்குத் தாலி வேலை ஒன்றைப் பாதியில் வைத்திருந்தீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, நகை அறுக்கிற மயிரிழை வாளை எடுத்து, அதில் தேன்மெழுகை ஒரு இழுப்பு இழுத்துப் பூசினீர்கள். வேகனை மரக்கட்டையில் சாய்த்து, கட்டைவிரல் நகத்தை வாளுக்கு அணையாகக் கொடுத்து, “அழுத்தாதே. வாள் அதுவா போகும், நீ கூடவே போ” என்றீர்கள். பத்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி ஊதினீர்கள். வெட்டு வாய் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த வாளையும் இரண்டு சின்ன அரங்களையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினீர்கள். மீதி ஒன்பது வேகன்களையும் நானே அறுத்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

அமெரிக்க வேகனின் பக்கச்சுவர் குட்டை. பாக்ஸ்-என்னின் உட்பக்க உயரம் 1,950 மி.மீ., மாடலில் 22 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதனால் அரை மி.மீ. கனமுள்ள வெள்ளை பிளாஸ்டிக் தகட்டில் புதுச் சுவர் வெட்டி, பழைய சுவரின் மேல் போர்த்தி, செங்குத்துச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டினேன். பொறுமை இருந்தால் போதும், இதில் வேறு சூட்சுமம் கிடையாது.

இனி டிஎக்ஸ்ஆர் ஐயாவுக்கு, அதாவது ரயில்வேயில் வண்டிகளைப் பரிசோதிக்கிற டிரெயின் எக்ஸாமினராக இருந்தவருக்கு. ஐயா, 30 வருடத்துக்கு மேல் யார்டில் கூட்ஸ் வண்டிகளைச் சுற்றி நடந்து, குனிந்து பார்த்து, அனுப்பிவைத்தவர் நீங்கள். முதல் வேகனைப் பெருமையோடு உங்கள் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “போகி சரி. கப்ளிங் சரி. ஆனா இது நிலக்கரி ஏத்தின வண்டி இல்லப்பா” என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. நீங்கள் என்னை ஸ்டேஷன் நடைமேடைக்கு அழைத்துப்போய், எதிர்லைனில் நின்ற ரேக்கைக் காட்டினீர்கள். கரி உள்ளே விழுந்து விழுந்து சட்டத்துக்குச் சட்டம் நடுவில் தகடு வெளிப்பக்கம் புடைத்திருப்பதைக் காட்டினீர்கள். லோடர் வாளி இடித்து மேல் விளிம்பு நெளிந்திருப்பதையும், ஈரக்கரி தங்குகிற அடித்தகடு அரித்துப்போய் அங்கங்கே ஒட்டு வெல்டிங் போட்டிருப்பதையும் காட்டினீர்கள். அந்த அரிப்புக்குப் பயந்துதான் பின்னால் துருப்பிடிக்காத எஃகில் பாக்ஸ்-என்-எச்.எல். செய்தார்கள் என்றும், பழைய வண்டி 58 டன் சொச்சம் சுமந்தால் புதியது 71 டன் சுமக்கும் என்றும் சொன்னீர்கள். எத்தனையோ வருடமாக அந்த ரேக்குகளைப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு வேகனைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, தேக்கரண்டியைக் கொதிநீரில் முக்கியெடுத்து, அதன் முதுகால் தகட்டை உள்ளேயிருந்து மெதுவாக அழுத்தினேன். ஒவ்வொரு கட்டமும் லேசாகப் புடைத்தது. ஒட்டுகளுக்கு மெல்லிய காகிதத்தைச் சதுரமாக வெட்டி ஒட்டி, அதன் மேல் ரெட் ஆக்சைடு அடித்தேன். எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவில் புடைக்க வைக்கக் கூடாது என்பதை மூன்றாவது வேகனில் நானே கற்றுக்கொண்டேன்.

அப்புறம் அந்த எண் விஷயம். வேகனில் 11 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வண்டி வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, அடுத்த இரண்டு செய்த வருடம், அடுத்த நான்கு அந்த வண்டியின் வரிசை எண். கடைசி இலக்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததை எழுதிவைத்திருந்தேன். நீங்கள் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 1006042317 என்று பத்து இலக்கத்தை எழுதினீர்கள். இரட்டை இடத்தில் நிற்கிற இலக்கங்களைக் கூட்டினால் 20. அதை மூன்றால் பெருக்கினால் 60. ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டு 4. மொத்தம் 64. அடுத்த பத்து 70. “ஆறு வரணும். நீ ரெண்டு போட்டிருக்கே. இந்த வண்டி எங்க ரிஜிஸ்டர்ல ஏறாது” என்றீர்கள். கை நடுங்குகிற வயதிலும் அந்தக் கணக்கு உங்களுக்குச் சட்டென்று வந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். அன்றைக்கே எழுதியதை அழித்துவிட்டு, அதுவரை போட்டிருந்த எண்களையெல்லாம் சரியாக்கினேன். பார்ப்பவர்கள் யாரும் கூட்டிப் பார்க்கப் போவதில்லைதான். ஆனாலும் பொய் எண்ணோடு அந்த வண்டியை ஓட்ட மனம் வரவில்லை.

அந்த எண்களை அச்சிட்டுக் கொடுத்த ஸ்டிக்கர் கடைத் தம்பிக்கு நன்றி. காவி நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டும், உன் பிரிண்டரிலோ வெள்ளை மை கிடையாது. வெள்ளைத் தாளில் சுற்றிலும் காவியை அச்சிட்டு எழுத்தை மட்டும் வெறுமனே விட்டுவிடலாம் என்று நீதான் சொன்னாய். என் பெயின்டோடு நிறம் ஒத்துப்போக ஏழு முறை அடித்துப் பார்த்தாய். ஏழு தாளுக்கும் காசு வாங்கவில்லை. ஒரு மி.மீ. உயரத்து எழுத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பஞ்சர் கடை அண்ணனுக்கு. வேகன் கனமில்லாமல் இருந்தால் வளைவில் தடம் புரளும். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்கு ஒன்று உண்டு: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். என் வேகனுக்கு அது சுமார் 90 கிராம் வருகிறது. கையில் இருந்ததோ 55. கார் சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்க்க ஒட்டுகிற 5 கிராம் எடைத்துண்டுகளை, கழற்றிப்போட்ட பழையதாகவே, ஒரு டப்பா நிறைய அள்ளிக் கொடுத்தீர்கள். வேகனுக்கு ஏழு துண்டு. உள்தரையில் கரிக்கு அடியில் மறைந்துகிடக்கின்றன.

அந்தக் கரி தந்தது இஸ்திரி வண்டி அண்ணன். உரலில் இடித்து டீ வடிகட்டியில் சலித்தது அம்மா. அடுப்புக்கரிக்கு நிலக்கரியின் மினுமினுப்பு வராது என்பது உண்மைதான். ஆனால் அம்மா பொடியையும் குருணையையும் தனித்தனியாகப் பிரித்து, “மேலே குருணை, ஓரத்தில் பொடி” என்று தானே தூவியதில் ஒரு இயல்பு வந்திருக்கிறது. நான் தூவியிருந்தால் அது வந்திருக்காது.

எல்லாம் அப்படியே அச்சாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. நம் 1,676 மி.மீ. பிராட்கேஜுக்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். போகியின் சக்கர இடைவெளியும் 3 மி.மீ. குறைவு. சக்கரத்தைக் கொஞ்சம் பெரியதாக மாற்றினேன், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டேன். பக்கவாட்டில் பார்க்கும்போது இது தெரிவதில்லை.

என் மனைவிக்கு இங்கே தனியாக எழுதினால் கோபித்துக்கொள்வாள். சாப்பாட்டு மேசையை இரண்டு வருடம் விட்டுக்கொடுத்தாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டிஎக்ஸ்ஆர் ஐயா, ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓடிய ரேக்கில் கடைசியாக வந்த பத்தாவது வேகனுக்குப் பத்து இலக்கம்தான் ஒட்டியிருக்கிறேன். பதினொன்றாவது இடம் காலியாக இருக்கிறது. முழங்கால் வலி குறைந்ததும் சொல்லுங்கள், வேகனையும் ஒரு நாட்காட்டித் தாளையும் எடுத்துக்கொண்டு நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஜோலார்பேட்டையிலிருந்து
உங்கள் மாடி அறைக்காரன்