கணித மன்ற ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது, மாணவர்களுக்கு நடத்திய உயரம் அளக்கும் பயிற்சியைப் பற்றி.

உச்சியை அண்ணாந்து பார்க்கும் கோணமான ஏற்றக்கோணக் கணக்கில் நம் பிள்ளைகள் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி உயரம் கேட்டால் விழிக்கிறார்கள். அதனால் கோணமானி, உறிஞ்சுகுழல், நூல், ஒரு நட்டு ஆகியவற்றைக் கொடுத்து ஆளுக்கொரு கிளினோமீட்டர், அதாவது அந்தக் கோணத்தை அளக்கும் கருவி, செய்யவைத்தோம். குழல் வழியே உச்சியைப் பார்க்கும்போது நூல் 90-இலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் ஏற்றக்கோணம். அது 45 பாகை ஆகும்வரை பின்னால் நகர்ந்தால் டேன் மதிப்பு, அதாவது உயரத்தைத் தூரத்தால் வகுத்தது, 1. அப்புறம் தரையில் அளந்த தூரத்தோடு கண் உயரத்தைக் கூட்ட வேண்டியதுதான். ரொம்பக் கிட்டே நிற்கக் கூடாது: 45 பாகையில் ஒரு பாகை பிசகினால் உயரம் சுமார் 3.5 சதவீதம் மாறும், 70 பாகையில் கிட்டத்தட்ட 6 சதவீதம்.

சுற்றுச்சுவருக்குள் இருக்கும் செல்போன் டவரின் அடிக்குப் போக முடியவில்லை. ஓரிடத்தில் 30 பாகை. டவரை நோக்கி நேராக 40 மீட்டர் நடந்ததும் 60 பாகை. சூத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "உச்சியிலும் 30 பாகைதானே வருது, அப்போ இது இருசமபக்க முக்கோணம், சாய்வுத் தூரமும் 40 மீட்டர்" என்றாள். 40-ஐ 60 பாகையின் சைன் மதிப்பான 0.866-ஆல் பெருக்கினால் 34.6, கண் உயரம் ஒன்றரை சேர்த்தால் சுமார் 36 மீட்டர். பயிற்சிக்கு நாம் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நிமிடத்திற்குத் தகும்.

உயரத்தைத் தீர்மானிப்பது தரையில் அளக்கும் தூரம்தான் என்பதைப் பரங்கிமலைக்காரர்களான நாம் மறக்கக் கூடாது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் இங்கேதான் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்து அந்தப் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். அதே அளவைதான் பின்னாளில் இமயத்தை எட்டியது. அந்த அளவையில் கணக்கிடும் பணியிலிருந்த ராதாநாத் சிக்தரின் கணக்கீட்டைக் கொண்டு எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்டது. இன்றைய 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் ஒன்பது மீட்டர்தான் வித்தியாசம்!

வரும் ஆண்டில் நல்ல அளவுநாடா ஒன்றும், பழையதாக இருந்தாலும் சரி, கோணங்களைத் துல்லியமாக அளக்கும் ஒரு தியோடலைட்டும் வாங்கப் பொதுக்குழு அனுமதிக்க வேண்டும். வெயிலில் பிள்ளைகளுக்கு மோர் கொடுத்து உதவிய தெருவாசிகளுக்கு மனமார்ந்த நன்றி. இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்