உரிமத் தேர்வின் வினாக்கள் எழுதப்படும் முன்: ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மதுரையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைச் சிகிச்சை அளித்து வருபவள் நான். தங்கள் ஆணையத்தை உருவாக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டம் தன் அட்டவணையில் நடத்தை நலத் துறையினரையும் சேர்த்து, எங்களுக்கான பாடத்திட்டம், பதிவேடு, உரிமத் தேர்வு ஆகியவற்றை வகுக்கும் பொறுப்பைத் தங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தத் தேர்வு எதைச் சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இத்துறையில் எங்களில் பலர் நம்பியிருந்தது அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் நடத்தும் தேர்வைத்தான். 1998இல் தொடங்கப்பட்ட அந்த வாரியம் 2023 ஜனவரியிலிருந்து இந்தியாவில் வசிப்போரின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆகவே இங்கேயே ஒரு நல்ல தேர்வு உருவாக வேண்டிய தேவை முன்னெப்போதையும்விட இப்போது அதிகம். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு: பட்டமேற்படிப்போடு, பொதுவான வழியில் 2,000 மணி நேரக் களப்பயிற்சியை மேற்பார்வையின் கீழ் முடித்தவரையே அவர்கள் தேர்வறைக்குள் விடுகிறார்கள். 2025இல் நடைமுறைக்கு வந்த தேர்வுப் பொருளடக்கத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்டுவிட்டார்கள். எதைப் படிப்பது என்ற குழப்பம் தேர்வெழுதுவோருக்கு இருக்கவில்லை.

ஆனால் அந்த நான்கு மணி நேரத் தேர்வின் 185 வினாக்களும் விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அதற்காக நான் படித்த காலத்தில், பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி வகுப்பு ஒன்றில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டதெல்லாம் ஆங்கிலக் கலைச்சொற்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்வதும், வினாவில் எந்தச் சொல் வந்தால் எந்த விடையைக் குறிப்பது என்பதும்தான். எதிர்மறை வலுவூட்டலுக்கும் (பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை கூடுவது) தண்டனைக்கும் (பின்விளைவால் ஒரு நடத்தை குறைவது) உள்ள வேறுபாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்ற நிலையில், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் வீட்டுக்குப் போனேன். சிலேட்டை எடுத்து வைத்தவுடன் அவன் தலையில் அடித்துக்கொள்வான். அம்மா பதறிப்போய்ச் சிலேட்டை எடுத்துவிடுவார். அதே நொடியில் அப்பத்தா ஓடிவந்து மடியில் தூக்கி வைத்து முறுக்கைக் கையில் கொடுப்பார். வேலையிலிருந்து தப்புவதற்காக அடித்துக்கொள்கிறானா, முறுக்குக்காகவா, அப்பத்தாவின் மடிக்காகவா? அட்டையில் இருந்த சூழலில் பின்விளைவு ஒன்றுதான் இருந்தது; அந்த வீட்டில் மூன்றும் ஒருசேர வந்தன. அவற்றைப் பிரித்தறிய நாள்தோறும் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. அதைவிடக் கடினம், முறுக்கைச் சற்று நேரம் கழித்துக் கொடுங்கள் என்று அப்பத்தாவிடம் அவர் மனம் நோகாமல் சொல்வது. வலுவூட்டல் என்ற சொல் அங்கே உதவவில்லை. 'நாம எதைக் கொடுக்குறோமோ, அதுக்காக அதையே திரும்பச் செய்வான் ஆத்தா' என்றபோதுதான் அவர் தலையசைத்தார்.

இந்தத் திறனைச் சோதிக்கத் தங்கள் தேர்வில் இடம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்துத் தேர்வு வேண்டாம் என்பதல்ல என் வாதம். கருத்துத் தெளிவு இல்லாதவர் குழந்தையின் அருகே அமர்வது ஆபத்து. அதனுடன், காணொளியில் ஒரு சூழலைக் காட்டிக் குறிப்பெடுக்கச் செய்வதும், தேர்வர் தாம் பணிபுரியும் மொழியிலேயே ஒரு பெற்றோருக்குத் திட்டத்தை விளக்கச் செய்து மதிப்பிடுவதும் சேர வேண்டும். இதற்குச் செலவும் தேர்ந்த மதிப்பீட்டாளர்களும் தேவைப்படுவர் என்பதை அறிவேன். அதைத் தவிர்த்தால், இன்று ஆங்கிலப் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்ட வசதியுள்ளவர்களே உரிமம் பெறுவார்கள். தமிழில் பயின்று, ஆண்டுக்கணக்கில் சிறப்புப் பள்ளிகளில் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் வெளியே நிற்பார்கள்.

தேர்வின் வரைவுப் பொருளடக்கத்தை முதல் தேர்வுக்குக் குறைந்தது ஓராண்டு முன்னதாக, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் வெளியிட்டுக் கருத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன். கேட்கும்போது பெற்றோரையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
நடத்தைச் சிகிச்சையாளர் ஒருவர்,
மதுரை