ஒவ்வொரு கருவிக்கும் கசிவுச் சோதனை வேண்டும்: கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் ஆர்டர் கொடுத்த காற்று மாதிரிக் கருவிகளை, அதாவது காற்றை உறிஞ்சி அதிலுள்ள தூசியை எடை பார்ப்பதற்காக ஃபில்டரில் பிடிக்கும் கருவிகளைச் சோதித்து அனுப்பும் மேசை என்னுடையது. 600 கருவிகளும் குறித்த நாளில் வந்து சேர வேண்டும், அதனால் நூற்றுக்கு ஐந்தைச் சோதித்தால் போதும் என்று போன மாதம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தீர்கள். அவசரம் புரிகிறது. ஆனால் அதன்படி அனுப்பிய முதல் தொகுதியிலிருந்தே ஒரு ஃபில்டர் திரும்பி வந்திருக்கிறது.

எடை பார்க்கும் அறையில் இருப்பவர் சந்தேகப்பட்டுக் கொடுத்தனுப்பியது அது. 47 மில்லிமீட்டர் வட்டம், 24 மணி நேரம் ஓடியது. ஒழுங்கான கருவியில் தூசி ஒரு சாம்பல் வட்டமாகப் படியும்; அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், சுற்றிலும் வெள்ளை. இதில் ஒரு பக்கம் மட்டும் மை ஊறியதுபோல் ஓரம் வரை கலங்கியிருந்தது. ஃபில்டரைத் தாங்கும் கூடான கேசட்டை வரவழைத்து லென்ஸில் பார்த்தேன். ஃபில்டரை அழுத்திப் பிடிக்கும் வளையத்தின் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு பிசிறு. நகத்தால் சுரண்டினேன், வந்துவிட்டது. அவ்வளவுதான் கோளாறு.

அந்தப் பிசிறின் இரு பக்கமும் காற்று ஃபில்டரைத் தொடாமல் ஓடியிருக்கிறது. கருவிக்கு அது தெரியாது. ஓட்டத்தை அளக்கும் சென்சார் ஃபில்டருக்குப் பின்னால் இருப்பதால், திருட்டு வழியில் வந்த காற்றையும் சேர்த்தே எண்ணி, நாள் முழுக்க நிமிடத்துக்கு 16.67 லிட்டர் என்று சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 24 கனமீட்டர். உலக சுகாதார அமைப்பு 2021-இல் பி.எம். 2.5-க்கு (2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்தூசிக்கு) வைத்த 24 மணி நேர அளவு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அந்த அளவில் ஃபில்டரில் சேரும் தூசி மொத்தமே 360 மைக்ரோகிராம்தான். காற்றில் உண்மையில் 18 இருந்து, ஐந்தில் ஒரு பங்கு இப்படி நழுவினால் 14.4 என்று பதிவாகும். மோசமான காற்று நல்ல காற்றாகிவிடும். அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

முன்மாதிரியாகச் செய்த முதல் 12 கருவிகளில் இது வரவில்லையே என்று கேட்பீர்கள். அவற்றின் கேசட்டுகளைக் கடைசலில் ஒவ்வொன்றாகக் கடைந்து, கையால் பொருத்தினோம். இப்போது அச்சில் வார்க்கிறோம். அச்சு தேயும், பிசிறு விடும், பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். காற்று பாயும் அலுமினியத் துளையிலும் ஆனோடைசிங் என்னும் பாதுகாப்புப் பூச்சு ஏறினால் விட்டம் குறையும்; எந்த அளவுத் தூசி வரை ஃபில்டருக்குப் போகலாம் என்ற எல்லையும் மாறும். ஓட்டம் பத்து சதவீதம் குறைந்தாலே 2.5 மைக்ரானில் நிற்க வேண்டிய அந்த எல்லை 2.6-ஐத் தாண்டிவிடும். அதனால்தான் ஒவ்வொரு கருவியையும் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

சுற்றறிக்கைக்கு முன் கடைசியாக முழுத் தொகுதியாகச் சோதித்த 40 கருவிகளில் 3 கசிந்தன. நூற்றுக்கு ஐந்து என்றால் அந்த நாற்பதில் இரண்டைத்தான் தொட்டிருப்போம்; மூன்றும் தப்பிப்போக நூற்றுக்கு 85 வாய்ப்பு.

எங்கள் தொழிலில் முன்மாதிரி ஒன்று ஓடிவிட்டால் வேலை முடிந்ததாக எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். டெண்டரில் பம்புக்கு ஒரு வரி, பேட்டரிக்கு ஒரு வரி, பெட்டியின் நிறத்துக்குக்கூட ஒரு வரி. சோதனைக்கு மட்டும் இல்லை. நாள் நெருங்கினால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். பிறகு அந்த எண்களை நம்பி ஒரு பள்ளி குழந்தைகளை மைதானத்துக்கு அனுப்பும். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான்: ஃபில்டர் இருக்கும் இடத்தில் காற்று புகாத வட்டு ஒன்றை வைத்து, வெற்றிடம் நிற்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் ஓட்டத்தை அளப்பது. ஒரு கருவிக்கு 25 நிமிடம். 600-க்கு 250 மணி நேரம். இரண்டு மேசை போட்டால் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுவோம். கெடுவை மூன்று வாரம் தள்ளி, ஒவ்வொரு கருவிக்கும் சோதனை என்று சுற்றறிக்கையைத் திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே போன தொகுதியையும் திருப்பி அனுப்புங்கள், சோதித்துத் தருகிறோம்.

அந்த ஃபில்டரையும் கேசட்டையும் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சுரண்டிய பிசிறு சின்ன உறையில் தனியாக இருக்கிறது; திறக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
சோதனை மேசையிலிருந்து